லஃப்ராய்க் வடிசாலையின் கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லஃப்ராய்க் விஸ்கியை யாராவது முதல் தடவை முகர்ந்து பார்த்தால் போதும், அடுத்த ஒரு மணி நேரம் எனக்கு வேலை வந்துவிடும். பேச்சு அந்த வாடையில் தொடங்கும். தண்ணீர்த் தகராறு, தொட்டியில் விழுந்த முதலாளி, டைப்பிஸ்ட்டாக வந்து முதலாளியான பெண் என்று ஊரெல்லாம் சுற்றும். ஒரே பதிலைப் பத்து பேருக்குச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

முதல்ல இந்தப் பேரை எப்படிங்க சொல்றது?

லஃப்-ராய்க். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிப் பெயர் அது. அகன்ற விரிகுடாவை ஒட்டிய அழகான பள்ளம் என்று பொருள் சொல்கிறார்கள். வடிசாலை இருக்கும் தீவின் பெயரையும் இங்கேயே முடித்துவிடலாம்: ஆங்கில எழுத்தில் (Islay) ஒரு ‘ஸ்’ இருக்கும், அதைக் கண்டுகொள்ளாதீர்கள். உச்சரிப்பு ‘ஐலா’. ‘இஸ்லே’ என்றால் தீவுக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சிரிப்பார்கள்.

இது எடின்பரோ பக்கமா இருக்கு?

நேர் எதிர்ப்பக்கம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கிறது ஐலா. தீவின் தென்கரையில் போர்ட் எலன் என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து கிழக்கே போகும் ஒற்றைச் சாலையில் லஃப்ராய்க், லகாவூலின், ஆர்ட்பெக் என்று மூன்று பேர்பெற்ற வடிசாலைகள் வரிசையாக வரும். மூன்றும் சுமார் 5 கிலோமீட்டருக்குள் அடக்கம். மூன்றிலும் வெள்ளையடித்த சுவரில் கறுப்பு எழுத்தில், கடலைப் பார்த்தபடி ஆள் உயரத்துக்குப் பெயர் எழுதியிருக்கும். சரக்கு ஏற்ற வரும் கப்பலுக்கு அதுதான் அந்தக் காலத்துப் பெயர்ப்பலகை.

இந்த நெருக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சண்டைக்கெல்லாம் காரணம் இதுதான்.

சிங்கிள் மால்ட்னா ஒரே தானியமா, ஒரே பீப்பாயா?

இரண்டும் இல்லை. ‘சிங்கிள்’ என்பது வடிசாலையின் எண்ணிக்கை. ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை (அதுதான் மால்ட்) மட்டும் வைத்து, செப்புப் பானையில் வடித்தது என்று பொருள். பல பீப்பாய்களைக் கலப்பார்கள், கலந்தாலும் அது சிங்கிள் மால்ட்தான். ஸ்காட்ச் என்ற பெயர் வேண்டுமென்றால் ஸ்காட்லாந்திலேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் கிடக்க வேண்டும்.

பல வடிசாலைச் சரக்கையும் வேறு தானிய விஸ்கியையும் கலந்தால் அது ‘பிளெண்ட்’. சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஸ்காட்லாந்து மால்ட்டில் பெரும்பங்கு பிளெண்டுக்குத்தான் போனது. சமையலில் பெருங்காயம் போடுகிற மாதிரி, கொஞ்சம் சேர்த்தாலே மணம் தூக்கும் சரக்காக லஃப்ராய்க்கை வாங்கினார்கள்.

டெட்டால் வாடை அடிக்குதே. இதையா காசு கொடுத்து வாங்குறாங்க?

உங்கள் மூக்கில் பழுது இல்லை. டெட்டாலில் இருப்பதும் இதில் இருப்பதும் ஃபீனால் குடும்பத்துச் சரக்குதான். விஸ்கிக்குள் அது பீட் புகையிலிருந்து வருகிறது. ஐலாவில் மரம் குறைவு, சதுப்பு நிலம் அதிகம். பாசியும் புல்லும் புதரும் ஆயிரக்கணக்கான வருடம் நீரில் மட்கி இறுகிக் கிடக்கும் கறுப்பு மண்தான் பீட். அதைச் செங்கல் அளவுக்கு வெட்டி வெயிலில் காயவைத்து எரிப்பார்கள். தீவில் அடுப்புக்கும் அதுதான் விறகு.

பார்லியை முளைகட்டியபின் காயவைக்க வேண்டும். காயவைக்க நெருப்பு வேண்டும், கையில் இருந்தது பீட். அவ்வளவுதான் விஷயம். யாரும் ருசிக்காக உட்கார்ந்து யோசித்துச் செய்ததில்லை. ஊரில் கிடைத்த விறகின் புகை தானியத்தில் ஏறியது, அதுவே பின்னால் அடையாளமாகிவிட்டது.

ஐலா விஸ்கி பலதுலயும் பீட் புகை உண்டே, இதுல மட்டும் என்ன விசேஷம்?

மூன்று விஷயம் சொல்லலாம். முதலாவது, பார்லியைத் தரையில் பரப்பி முளைகட்டும் பழைய முறையை இங்கே இன்னும் விடவில்லை. ஊறவைத்த பார்லியைக் கல் தளத்தில் ஒரு சாண் கனத்துக்குப் பரப்புவார்கள். முளை விடும்போது தானியம் தானாகச் சூடேறும். அப்படியே விட்டால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாய் மாதிரி ஆகிவிடும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும்கூட, ஒருவர் வந்து புரட்டிவிட வேண்டும். ஜன்னலைத் திறப்பதும் மூடுவதும்தான் குளிர்சாதனம். பிறகு சூளையின் மேல்தளத்துக்கு ஏற்றி, கீழே பீட்டை மூட்டுவார்கள். கொழுந்துவிட்டு எரிந்தால் பிரயோஜனமில்லை, புகைந்துகொண்டே இருக்க வேண்டும். ஈரம் உலர்வதற்குள் புகை ஒட்டினால்தான் உண்டு.

ஆனால் விளம்பரப் படங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். தேவைப்படும் மால்ட்டில் ஒரு சிறு பங்குதான் இந்தத் தளத்தில் தயாராகிறது. மீதி போர்ட் எலனில் உள்ள பெரிய இயந்திர மால்ட் ஆலையிலிருந்து லாரியில் வருகிறது.

இரண்டாவது, புகையின் அளவு. மால்ட்டில் பத்து லட்சத்துக்கு 40 முதல் 45 பங்கு ஃபீனால். ஆர்ட்பெக்கில் இதைவிடவும் அதிகம், ஆகவே எண் மட்டும் கதை சொல்லாது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டாம் வடிப்பில் முதலில் வருவதை ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியைத்தான் பிடிப்பார்கள். லஃப்ராய்க்கில் அந்த ஒதுக்கல் 45 நிமிடம், மற்ற இடங்களைவிட மிக அதிகம். பழவாசனையும் இனிப்பும் முன்னால் வருபவை, புகையும் தாரும் பின்னால் வருபவை. முன்னால் வருவதைப் போகவிட்டால் கையில் எது மிஞ்சும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

பாட்டில்ல 1815-னு போட்டிருக்கே, நிஜமா?

கம்பெனி சொல்லும் ஆண்டு அது. 2015-ல் 200-ஆவது ஆண்டும் கொண்டாடினார்கள். டொனால்ட் ஜான்ஸ்டன், அலெக்ஸாண்டர் ஜான்ஸ்டன் என்ற சகோதரர்கள் 1810 வாக்கில் மாடு வளர்க்க அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். மாட்டுக்குக் குளிர்காலத் தீவனமாகப் பார்லி பயிரிட்டார்கள், மிஞ்சியதில் ஊறல் போட்டார்கள். கொஞ்ச நாளில் மாட்டைவிட ஊறலில் வருமானம் அதிகமாகிவிட்டது.

அந்தக் காலத்தில் தீவில் ஊறல் போடாத பண்ணை குறைவு. உரிமம் எடுத்து வடிப்பது கட்டுப்படியாகும் தொழிலானது 1823-இன் கலால் சட்டத்துக்குப் பிறகுதான். ஆகவே 1815-ஐ ‘கடை திறந்த நாள்’ என்று எடுத்துக்கொள்ளாமல், ‘பண்ணை வடிசாலையாக மாறிய காலம்’ என்று எடுத்துக்கொண்டால் சண்டை இல்லை. 1836-ல் டொனால்ட் தன் சகோதரரின் பங்கை வாங்கிக்கொண்டு தனி முதலாளி ஆனார்.

அந்த டொனால்ட்தான் தொட்டியில விழுந்து செத்தாரா?

அவரேதான். 1847-ல். பாதி வடித்த சரக்கு இருந்த தொட்டியில் விழுந்து இரண்டு நாளில் இறந்தார் என்று கதை. ‘சந்தோஷமான சாவு’ என்று இதைக் கேட்டுச் சிரிப்பவர்களை நிறைய பார்த்துவிட்டேன். அந்தத் தொட்டியில் இருந்தது கொதிக்கக் கொதிக்க இருந்திருக்கும் என்பதை யோசித்தால் சிரிப்பு வராது.

மகன் டூகால்டுக்கு அப்போது 11 வயது. பையன் வளரும்வரை உறவினர் ஒருவரும், பக்கத்து லகாவூலின் வடிசாலையின் கிரஹாமும் சேர்ந்து பார்த்துக்கொண்டார்கள். 1857-ல் டூகால்ட் பொறுப்பேற்றார். லகாவூலின்காரர் லஃப்ராய்க்கைக் காப்பாற்றிக் கொடுத்த காலமும் ஒன்று இருந்தது. அடுத்த பதிலைப் படிக்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

லகாவூலின்காரர் தண்ணியை அடைச்சார்னு சொல்றாங்களே, என்ன தகராறு?

பீட்டர் மேக்கி என்பவர் லகாவூலினின் முதலாளி, ‘வொயிட் ஹார்ஸ்’ பிளெண்டுக்குச் சொந்தக்காரர், லஃப்ராய்க் சரக்கை விற்கும் ஏஜென்டும் அவர் கம்பெனிதான். விளைந்ததில் பெரும்பகுதி அவர் பிளெண்டுக்கே போய்க்கொண்டிருந்தது. 1907-ல் வடிசாலையை நடத்திவந்த ஜான்ஸ்டன் குடும்பத்துக்காரர் இறந்து, அது அவருடைய சகோதரிகளிடம் வந்தது. குடும்பம் அந்த ஏஜென்சி ஒப்பந்தத்தை முறித்தது. வழக்கில் மேக்கி தோற்றார்.

தோற்ற கையோடு ஆட்களை அனுப்பி, லஃப்ராய்க்குக்கு வரும் ஓடையில் கல்லைப் போட்டு அடைக்கச் செய்தார். தண்ணீர் இல்லாத வடிசாலை எதற்கு ஆகும்? ஊறல் போட, ஆவியைக் குளிரவைக்க, எல்லாவற்றுக்கும் அந்தக் கில்பிரைடு ஓடைதான். மறுபடியும் நீதிமன்றம், மறுபடியும் தோல்வி, கல்லை எடுக்க உத்தரவு. வாய்க்கால் மடையை இரவோடு இரவாக அடைக்கிறவரை நம் ஊரில் பார்த்தவர்களுக்கு இதில் ஒன்றும் ஆச்சரியம் இருக்காது. ஆச்சரியம் அடுத்து அவர் செய்ததில் இருக்கிறது.

வாங்க முடியவில்லை, அடைக்கவும் முடியவில்லை. சரி, அதையே நாமும் செய்துவிடலாம் என்று 1908-ல் லகாவூலின் வளாகத்துக்குள்ளேயே ‘மால்ட் மில்’ என்று இன்னொரு சிறு வடிசாலை கட்டினார். லஃப்ராய்க்கின் பானைகளைப் பார்த்து அதே வடிவில் இரண்டு பானைகள். லஃப்ராய்க்கில் ஊறல் பார்த்தவரையே சம்பளம் பேசி இழுத்து வந்தார். மால்ட்டைக் காயவைக்கப் பீட் மட்டும். அத்தனையும் செய்தும் வந்தது லஃப்ராய்க் அல்ல. மால்ட் மில் 1962 வரை ஓடியது, அதன் சரக்கும் பிளெண்டுகளில் கரைந்துபோனது.

அதே ஆள், அதே பானை, அதே பீட். அப்புறம் ஏன் அதே ருசி வரலை?

‘மண்ணின் மகிமை’ என்று கண்ணை மூடிச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஊறல் எத்தனை மணி நேரம் புளிக்கிறது, பானைக்கு அடியில் நெருப்பு எவ்வளவு, ஆவி செம்பில் எவ்வளவு நேரம் உரசுகிறது, எந்த நிமிடத்தில் பிடிக்க ஆரம்பித்து எப்போது நிறுத்துகிறார்கள், சரக்கு எந்தப் பீப்பாயில் கிடக்கிறது என்று நூறு சின்னச் சின்னப் பழக்கங்கள் சேர்ந்துதான் ருசி. மேலே சொன்ன 45 நிமிடம் மாதிரி. ஒரு ஆளை அழைத்து வரலாம், அந்தக் கூட்டத்தின் பழக்கத்தை அழைத்து வர முடியாது. அம்மாவின் அளவு, அம்மாவின் சட்டி எல்லாம் இருந்தும் குழம்பு வேறாக வரும் இல்லையா, அதுதான்.

ஸ்காட்லாந்து விஸ்கிக்கு அமெரிக்கப் பீப்பாய் எதுக்கு?

1908-ல் வடிசாலைக்கு வந்தவர், மேலே சொன்ன ஜான்ஸ்டன் சகோதரிகளில் ஒருவரின் மகன் இயன் ஹன்ட்டர். குடும்ப வாரிசுகளில் கடைசி ஆள். 1921-ல் நிலத்தையே விலைக்கு வாங்கிக் குத்தகைத் தொல்லைக்கு முடிவு கட்டினார், 1923-ல் பானைகளை இரண்டிலிருந்து நான்காக்கினார். தொழில் ரகசியத்தைப் பொத்திப் பொத்தி வைப்பதில் பேர்போனவர். மேக்கி கதைக்குப் பிறகு அதைத் தப்பு சொல்ல முடியாது.

போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி கிடந்த பீப்பாய்களை ஐலாவுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் அவரும் ஒருவர். போர்பனுக்கு ஒவ்வொரு முறையும் உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாய் வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஒருமுறை பயன்படுத்தியதும் அங்கே அது வேண்டாத பொருள், இங்கே பொக்கிஷம். புகையின் முரட்டுத்தனத்துக்கு அந்தப் பீப்பாய் தரும் வெண்ணிலா இனிப்பு சரியான துணை.

அமெரிக்காவுல மதுவிலக்கு இருந்தப்ப மருந்துனு சொல்லி வித்தாங்களாமே?

1920 முதல் 1933 வரை அங்கே மதுவிலக்கு இருந்தாலும் மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் மருந்துக்கடையில் விஸ்கி வாங்கலாம் என்று சட்டத்தில் வழி இருந்தது. அந்த வழியில் லஃப்ராய்க்கும் உள்ளே போனது. சுங்க அதிகாரிகள் முகர்ந்து பார்த்து ‘இதை ஆசைக்காக எவன் குடிப்பான், மருந்துதான்’ என்று விட்டுவிட்டார்கள் என்பது வடிசாலை ரசித்துச் சொல்லும் கதை. உண்மையோ இல்லையோ, முதல் தடவை முகர்ந்தவர்களுக்கு நம்பத் தோன்றும்.

கூடவே சொல்லிவிடுகிறேன், இது மருந்து இல்லை. சளிக்கு நல்லது, தொண்டைக்கு நல்லது என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

பெஸ்ஸி வில்லியம்சன்னு ஒரு அம்மா பேர் அடிக்கடி வருதே, யார் அவங்க?

எனக்கு இந்த வடிசாலையின் கதையே அவர்தான். 1910-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். தகப்பனார் முதல் உலகப்போரில் இறந்துவிட்டார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முடித்தார். 1934 கோடையில், மூன்று மாதத்துக்கு மட்டும் சுருக்கெழுத்துத் தட்டச்சு வேலைக்கு ஆள் வேண்டும் என்று லஃப்ராய்க் கேட்டதைப் பார்த்து ஐலாவுக்குக் கப்பல் ஏறினார். மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் போகவே இல்லை.

1938-ல் ஹன்ட்டருக்குப் பக்கவாதம் வந்தது. ஆலோசனை கேட்கப் பிள்ளை இல்லை, நம்பிச் சொல்ல உறவும் இல்லை. யாரிடமும் காட்டாத கணக்கையும் செய்முறையையும் இந்தப் பெண்ணிடம் கொஞ்சம் கொஞ்சமாக ஒப்படைத்தார். அடுத்த வருடம் போர். ராணுவம் கட்டடங்களைக் கிடங்காக எடுத்துக்கொண்டது. ஒரு பக்கம் ராணுவத் தளவாடம், இன்னொரு பக்கம் கண்ணாடி மாதிரிப் பார்த்துக்கொள்ள வேண்டிய செப்புப் பானைகளும் பீப்பாய்களும். இரண்டுக்கும் நடுவில் நின்று சமாளித்தவர் அவர். 1954-ல் ஹன்ட்டர் இறந்தபோது உயிலில் வடிசாலை பெஸ்ஸிக்கு.

அப்ப ஸ்காட்ச் வடிசாலை நடத்துன முதல் பெண் அவங்கதானா?

இல்லை. அப்படி எழுதுவது தவறு. அவருக்கு அறுபது எழுபது வருடம் முன்பே கார்டூ வடிசாலையை எலிசபெத் கம்மிங் சொந்தமாக நடத்தினார், 1872 முதல் 1893 வரை. அவருடைய மாமியார் ஹெலன் கம்மிங் அதற்கும் முன்னால், உரிமம் இல்லாத நாளிலேயே வடித்தவர். 20-ஆம் நூற்றாண்டில் என்று சேர்த்துச் சொன்னால் பெஸ்ஸிக்குப் பொருந்தும். 1960-களின் தொடக்கத்தில் ஸ்காட்ச் விஸ்கி சங்கத்தின் சார்பில் அமெரிக்கா முழுக்கச் சுற்றி, பிளெண்டை மட்டுமே அறிந்திருந்தவர்களிடம் மால்ட்டைப் பற்றிப் பேசியதும் அவர்தான். மால்ட்டுக்கு ஒரு காலம் வரும் என்று நம்பியவர்கள் அப்போது மிகச் சிலர்.

அவ்வளவு பாடுபட்டவங்க ஏன் வித்தாங்க?

பணம். கூரையிலிருந்து பானைவரை எல்லாம் பழசு, புதுப்பிக்கத் தனியாளிடம் முதல் இல்லை. 1962-ல் தொடங்கி மூன்று தவணையாக அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தமான ‘லாங் ஜான்’ குழுமத்துக்கு விற்றார். ஆனாலும் நிர்வாகத்தை விடவில்லை. 1972-ல் ஓய்வு, 1982-ல் மறைவு.

அதற்குப் பின் பெயர்ப்பலகைகள் மளமளவென்று மாறின. விட்பிரெட், அலைடு, ஃபார்ச்சூன் பிராண்ட்ஸ், பீம், 2014 முதல் ஜப்பானின் சன்டோரி. இதை விரித்து எழுத எனக்கு ஆர்வமில்லை. பங்குச் சந்தைக் கதை அது.

ஜப்பான்காரங்க கையில இருந்தா அது எப்படி ஸ்காட்ச் ஆகும்?

முதலாளி எந்த நாட்டுக்காரர் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. மூன்றாவது கேள்வியில் சொன்ன விதிகள்தான் கணக்கு.

நம்ம நாட்டுல இதே மாதிரி ஏன் செய்யலை?

புகை மால்ட் இங்கேயும் உண்டு. பெங்களூரின் அம்ருத், ஸ்காட்லாந்திலிருந்து பீட் புகையேற்றிய பார்லியை இறக்கிச் சில விஸ்கிகளைச் செய்கிறது. ஆனால் லஃப்ராய்க்கில் 10 வருடம் கிடப்பது இங்கே அப்படியே கிடக்க முடியாது. ஐலாவில் பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூரில் 10 சதவீதம்கூடத் தாண்டும். நாலைந்து வருடத்திலேயே பக்குவம் வந்துவிடும், விட்டுவைத்தால் பீப்பாயில் பாதி காணாமல் போய்விடும். அதனால் ‘வயசு’ எண்ணை வைத்து இரண்டையும் ஒப்பிடாதீர்கள்.

சார்லஸ் மன்னர் விமானத்தைக் கவிழ்த்தது இங்கேதானா?

கவிழ்க்கவில்லை. 1994 ஜூனில், இளவரசராக இருந்தபோது, அவரே ஓட்டி வந்த விமானம் ஐலா ஓடுதளத்தைத் தாண்டிச் சேற்றில் முகம் புதைத்து நின்றது. யாருக்கும் அடியில்லை. அன்று பார்க்க வந்த இடம் லஃப்ராய்க். அவ்வளவுக்குப் பின்னும் வந்து பார்த்தார், அதே வருடம் தன் அரண்மனை முத்திரையைப் பயன்படுத்தவும் அனுமதித்தார்.

பாட்டில் வாங்குனா ஒரு சதுர அடி நிலம் தர்றாங்களாமே, பட்டா கிடைக்குமா?

பட்டா கனவை விட்டுவிடுங்கள். 1994-ல் தொடங்கிய ‘லஃப்ராய்க்கின் நண்பர்கள்’ திட்டம் அது. பாட்டிலில் உள்ள எண்ணைப் பதிந்தால் வடிசாலைக்கு எதிரே உள்ள புல்வெளியில் ஒரு சதுர அடி உங்கள் பெயரில் ஆயுள் குத்தகை என்று சான்றிதழ் வரும். இந்த மாதிரி நினைவுப்பரிசு மனைகளை ஸ்காட்லாந்தின் நிலப்பதிவேடு ஏற்பதில்லை. விற்க முடியாது, வீடு கட்ட முடியாது, ஒரு காலை ஊன்றி நிற்கலாம்.

அங்கே போனால் ரப்பர் பூட்ஸும் உங்கள் நாட்டுக் குட்டிக் கொடியும் தருவார்கள். சதுப்பில் கால் புதையப் புதைய நடந்து, உங்கள் அடியைத் தேடி, கொடியை நட்டுவிட்டு வரலாம். குத்தகைப் பணம் கொடுக்க வேண்டியது வடிசாலை. வருடத்துக்கு ஒரு மடக்கு விஸ்கி, நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.